நான்கு சர்வர்களும் அத்தையின் இடது கண்ணும்

அன்பும் மரியாதையும், கூடவே வழக்கமான கொஞ்சம் பயமும் சேர்த்து அத்தைக்கு மருமகள் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் மகன், பேத்தி, நான் மூவரும் சௌக்கியம். அங்கு தங்கள் இடது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியமாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பேச்சு தடித்துவிடுகிறது, இனிமேல் எதுவானாலும் மெயிலில் எழுதி அனுப்பு என்று போன மாதம் தாங்கள் உத்தரவு போட்டதால் எழுதுகிறேன். டேப்லெட்டில் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறேன். மாடியில் குடியிருப்பவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்ல வேண்டாம். செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, "அவ்ளோதாம்மா, உலகத்துல வேற ஒண்ணும் நடக்கல" என்று மடித்துக் கொடுத்துவிட்டுப் போகிற மனுஷர் அவர். இதில் நடந்திருப்பது நிறைய.

அத்தை, முதலில் பழைய கணக்கை முடித்துக்கொள்வோம். தாங்கள் போகும் கண் மருத்துவமனை மாதம் ஒருமுறை அறுவை சிகிச்சைக்கான தேதிகளை எங்கள் கம்பெனி நடத்தும் இணையதளத்தில்தான் திறந்துவிடுகிறது. போன மாதம் தாங்கள் காலையிலேயே குளித்துத் தயாராகி, ஆள்காட்டி விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தீர்கள். பத்து மணிக்குத் தளம் படுத்துவிட்டது. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சாப்பாட்டு நேரம் வரைக்கும் சுற்றுகிறது. உடனே என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நீ உள்ளதான உக்காந்திருக்க, என் பேரை ஒரு ஓரமா எழுதிவிட்டா என்ன?" என்றீர்கள். அப்படிச் செய்தால் என் வேலைக்கு உலை வைத்தது போல ஆகும், உங்களுக்கு முன்னால் காத்திருக்கிறவர்களுக்கும் அது துரோகம் என்றேன். "சரிதான். வாசல் வழியா வந்தா கதவு திறக்காது, கொல்லை வழியா வந்தா நீ விடமாட்ட. நல்ல மருமக" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள். வைத்துவிட்டு நாத்தனாருக்கும் சின்ன மாமியாருக்கும் அடித்தீர்கள். அது கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து மூன்று பக்கத்திலிருந்தும் எனக்கே திரும்பி வந்தது. கோபம் வந்தாலும் ஒரு வாக்குக் கொடுத்தேன்: அடுத்த மாதம் வாசல் கதவே திறக்கும், நீங்கள் எல்லோரையும் போல நிமிர்ந்து உள்ளே போகலாம் என்று. இனியும் தள்ளிப்போட்டால் கண்புரை முற்றிச் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் வேறு சொல்லிவிட்டார். போன வாரம் குப்பை லாரியைப் பேருந்து என்று கைகாட்டி நிறுத்தி, படியில் காலும் வைத்துவிட்டீர்களாமே. டிரைவர் மரியாதையான ஆள் என்று நீங்கள் பாராட்டியதாக உங்கள் மகன் சொன்னார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை ஒரே ஒரு சர்வர் கம்ப்யூட்டர்தான் ஊரில் உள்ள அத்தனை பேரின் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டிருந்தது. குருவி தலையில் பனங்காய். அது படுக்காமல் வேறு என்ன செய்யும்? இந்த மாதம் எங்கள் மேலாளர் மனம் இரங்கி இன்னும் மூன்று சர்வர் வாங்கிக் கொடுத்தார். நான்கும் ஒரே பெயரில் நிற்கும். வெளியிலிருந்து வருகிறவருக்கு உள்ளே நான்கு பேர் இருப்பது தெரியாது. வாசலில் லோட் பேலன்சர் என்று ஒன்று நின்றுகொண்டு, வருகிறவர்களை "நீங்க இங்க போங்க, நீங்க அங்க போங்க" என்று பிரித்து அனுப்பும். அதற்கு நான் வாசல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வாசல்காரருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு முழுக்க என் தலையில். துணைக்கு ஒருவர். சர்வர் அறையில் எப்போதும் ஏசி நடுங்க வைப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். ஆபீசில் எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர் சார்தான்.

முதலில் வாசல்காரரிடம், வருகிற பக்கங்களை வரிசையாக ஆளுக்கொன்று என்று நான்கு சர்வருக்கும் அனுப்பச் சொன்னேன். நியாயமாகத்தானே இருக்கிறது? மேலாளர் தானே சோதிப்பதாக உட்கார்ந்தார். விண்ணப்பம் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் பெயர் எழுதி அடுத்த பக்கத்துக்குப் போனால், அந்தப் பக்கத்தை வாசல்காரர் இரண்டாவது சர்வரிடம் அனுப்பிவிட்டார். இவர் பெயர் எழுதியது அதற்கு எப்படித் தெரியும்? மறுபடி பெயர் கேட்டது. எழுதினார். மூன்றாவது கேட்டது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னம்மா இது, பேரு சொல்றேன், சொல்லச் சொல்ல கேக்குது. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு, நான் யாருன்னு" என்றார். முட்டி வலி என்று தாங்கள் பெரிய மகனிடம் அரை மணி நேரம் சொல்லி முடித்துப் போனை வைத்ததும், சின்ன மகன் கூப்பிட்டு, "அப்புறம் எப்படிம்மா இருக்க, நடையெல்லாம் நல்லா நடக்கறியா?" என்று கேட்பாரே, அதேதான். ஒருவரிடம் சொன்னது இன்னொருவருக்குப் போவதில்லை.

சரி, ஒரு தடவை ஒருவரிடம் போனால் கடைசி வரை அவரிடமே போகட்டும் என்று மாற்றினேன். ஆளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? எந்த இணைய முகவரியிலிருந்து வருகிறார் என்று பார்த்து. கேட்க நன்றாக இருந்தது. மேலாளர் உற்சாகமாகி, ஆபீசில் இருந்த அத்தனை பேரையும், கணக்குப் பிரிவு, வரவேற்பு, காபி மெஷின் பழுது பார்க்க வந்தவர் உட்பட எல்லோரையும், ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். அழுத்தினார்கள். முதல் சர்வர் மூச்சுத் திணறி விழுந்தது. மற்ற மூன்றும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. ஏனென்றால் எங்கள் கட்டிடம் முழுவதற்கும் வெளியே ஒரே முகவரிதான். வாசல்காரர் எல்லோரையும் ஒரே ஆள் என்று நினைத்து ஒரே பக்கம் தள்ளிவிட்டார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், மூன்று மருமகள்கள் கூடத்தில் நின்றாலும், தண்ணீர் முதல் தலையணை வரை ஒரே ஒரு பெயர் சொல்லித்தான் குரல் கேட்கும், இல்லையா? நான் குத்திக்காட்டவில்லை அத்தை, உதாரணத்துக்குச் சொன்னேன்.

நான் அசரவில்லை. முகவரியை விட்டுவிட்டு, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு டோக்கன் கொடுக்கச் செய்தேன். டோக்கனைக் காட்டினால் பழைய சர்வரிடமே போகலாம். புதிதாக வருகிறவரை, நான்கில் யாரிடம் கூட்டம் குறைவோ அவரிடம் அனுப்பு என்றேன். சும்மா இருக்கிறவனுக்கு வேலை கொடு, திணறுகிறவனை விட்டுவிடு. இந்த ஒரு விதியை எல்லா வீட்டிலும் எழுதி மாட்டலாம். அதோடு, சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று வாசல்காரர் அடிக்கடி "இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுப்பார். "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்தப் பக்கம் ஆள் அனுப்பமாட்டார். சோதிப்பதற்காக ஸ்வெட்டர் சார் ஒரு சர்வரின் கேபிளைப் பிடுங்கினார். அடுத்த நொடி கூட்டம் முழுக்க மற்ற மூன்றுக்கும் பிரிந்து போய்விட்டது, ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல். அத்தை, எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. தட்டியும்விட்டேன். "மேடம், மெதுவா, ரேக்கு ஆடுது" என்றார் ஸ்வெட்டர் சார்.

இன்று காலை. பத்து அடிக்கப் போகிறது. ஆபீஸ் முழுக்க என் மேசையைச் சுற்றி நிற்கிறது. புகார் போன் எடுக்கும் பெண் போன மாதம் வாங்கிய திட்டுக்குப் பயந்து, தொண்டைக்கு மாத்திரையும் வெந்நீருமாகத் தயாராக இருந்தாள். எனக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்குகிறது. மனதில் வேறு யாரும் இல்லை, நீங்களும் உங்கள் விரலும்தான். பத்து. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறுகிறது. போன மாதத்தைவிட மேலே, இன்னும் மேலே. தளம் படுக்கவில்லை. தும்மக்கூட இல்லை. நான்கு விளக்கும் பச்சை. வந்தவர்களுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் பதில் போகிறது. புகார் போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. அந்தப் பெண் மாத்திரையை என்னிடம் கொடுத்துவிட்டு நகத்துக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தாள். வழக்கமாக மத்தியானம் வரை இழுக்கும் கூட்டம், காபி ஆறுவதற்குள் கலைந்து போய்விட்டது. மேலாளர் கேக் வரவழைத்து என் கையால் வெட்டச் சொன்னார். "இனிமே நாலும் உன் பொறுப்பும்மா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகையால் அத்தை, இந்நேரம் தங்களுக்குத் தேதி கிடைத்திருக்கும். என்ன தேதியானாலும் நான் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறேன். சொட்டு மருந்தெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நாத்தனாரைக் கூப்பிட வேண்டாம், அவர் மருந்தைக் கண்ணில் விடுவதற்குள் தன் கண்ணை மூடிக்கொள்வார். ஒரே ஒரு விண்ணப்பம். போன மாதம் யார் யாருக்குப் போன் செய்து என்னைப் பற்றிச் சொன்னீர்களோ, அதே வரிசையில் இந்த மாதமும் செய்து, வாசல் கதவு திறந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரிதாகப் புகழ வேண்டாம். "அவ சொன்னபடி செஞ்சிட்டா" என்றால் போதும், எனக்கு அதுவே விருது.

பேத்தி உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். உங்கள் மகன் எதுவும் அனுப்பச் சொல்லவில்லை, ஆனால் அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூவரையும் இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்க வேண்டுகிறேன். என்றும் தங்கள் சொல்லுக்குப் பெரும்பாலும் கீழ்ப்படியும்,

மூத்த மருமகள்.

பி.கு.: மேலே உள்ளதில் மரியாதையையும் முத்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள் அத்தை. மெயிலை அனுப்பப் போகும் நேரத்தில் ஸ்வெட்டர் சார் வந்து என் மேசை ஓரமாக நின்றார். "மேடம், ஒரு சின்ன விஷயம். காலைல இருந்து விரல் விட்டு எண்ற அளவு பேருக்குத்தான் தேதி குடுத்திருக்கோம். மிச்சமெல்லாம் அப்படியே காலியா கெடக்கு." ஓடிப்போய்ப் பார்த்தேன். நான்காவது சர்வருக்கு மட்டும் தேதிப் பட்டியலைத் திறக்கும் பாஸ்வேர்டை நான் பழையதையே கொடுத்திருக்கிறேன். அதற்குப் பட்டியல் திறக்கவில்லை. திறக்காத பட்டியலில் காலி இடம் தெரியவில்லை. எனவே வந்த ஒவ்வொருவரையும் "இடமில்லை" என்று சொல்லி நொடியில் அனுப்பிவிட்டது. அனுப்பிவிட்டதால் அதனிடம் கூட்டமே இல்லை. கூட்டம் இல்லாததால் வாசல்காரர், நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஊரையே அதனிடம் அனுப்பியிருக்கிறார். மற்ற மூன்றும் உழைக்கத் தயாராக நிற்க, வாயால் இல்லையென்று சொன்ன ஒன்றுக்கே எல்லா வரவேற்பும். இருக்கியா என்றால் இருக்கேன் என்று வேறு சொல்லியிருக்கிறது. உயிர் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேனே ஒழிய, வேலை நடக்கிறதா என்று கேட்கச் சொல்லவில்லை. இத்தனைக்கும் யாரும் ஏன் புகார் செய்யவில்லை என்றால், "இம்மாதத் தேதிகள் நிறைந்துவிட்டன, தங்கள் பொறுமைக்கு எங்கள் நன்றி" என்ற வாசகம் அவ்வளவு மரியாதையாக இருந்திருக்கிறது. எழுதியவள் நான்தான்.

இப்போதுதான் உங்கள் மகன் போன் செய்தார். தங்களுக்கும் அதே வாசகம்தான் வந்ததாம். மறுபடி அழுத்திப் பாரும்மா என்று அவர் சொன்னாராம். அதற்குத் தாங்கள், "வேண்டாண்டா. அவ ராத்திரி பகலா உக்காந்து செஞ்சது, இல்லன்னு சொன்னா இல்லதான். அடுத்த மாசம் பாத்துக்கலாம். நான் ஏதோ கோவத்துல பேசிட்டேன்னு அவகிட்ட சொல்லு" என்றீர்களாம். அதைக் கேட்டுவிட்டு நான் சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஸ்வெட்டர் சார் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையாவது ஒரே தடவையில் நம்பியிருக்கிறீர்களா? கேஸை அணைத்துவிட்டேன் என்றால்கூட எழுந்து வந்து தொட்டுப் பார்ப்பவர் நீங்கள். நம்புவதற்கு இன்றைய தினம்தானா கிடைத்தது? பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி திறக்கிறோம். திரையில் இடமில்லை என்று வந்தால் பெருந்தன்மையெல்லாம் வேண்டாம். மருமகள் செய்தது, அதில் கட்டாயம் ஏதோ கோளாறு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, தேதி கிடைக்கும் வரை விடாமல் அழுத்துங்கள்.