சடச்சிக்கு ஒரு அடிக்கல்

கல்லை நட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனவரே, உம்மைத்தான். அப்புறம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீரா? போட்ட மாலை வாடும்வரைகூட அந்த இடத்தில் நிற்கவில்லை நீர். பேரைச் சொன்னால் ஆள் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருவீர். அதனால் கதையாகச் சொல்கிறேன், உட்கார்ந்து கேளும்.

ஒரு காட்டில், காடு என்றால் நகராட்சியாகத் தரம் உயர்ந்துவிட்ட காட்டில், சடச்சி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். அவித்த கிழங்கு விற்பவள். யாரும் கைதூக்கிவிட்டு வந்தவள் இல்லை. அவளிடம் பேரம் பேசி யானையே தோற்றிருக்கிறது. கோபம் வந்தால் முள்ளெல்லாம் சிலிர்க்கும். பாதி நாள் சிலிர்த்தபடிதான் இருப்பாள்.

அவள் வளைக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு சாக்கடை ஓடை. அதற்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லித்தான் உடும்பு பொன்னுரங்கம் முதல் தேர்தலில் ஜெயித்தார். ஜெயித்ததும் அடிக்கல் நாட்டினார். கவுன்சிலராக ஒரு கல், துணைத் தலைவராக ஒரு கல், கட்சி மாறி வந்து தலைவரானபோது ஒரு கல். எல்லாம் அதே பாலத்துக்கு. நாற்காலியைப் பிடித்தால் விடமாட்டார். பாலத்தை மட்டும் தொடமாட்டார்.

சடச்சி சும்மா இருப்பாளா? விழா முடிந்து பந்தலைப் பிரிப்பதற்குள் கல்லைப் பெயர்த்து உருட்டி ஓடையில் போட்டுவிடுவாள். ஊரே அதில் கால் வைத்துத் தாண்டியது. ஆனால் அக்கரையோரம் இன்னும் ஒரு பெரிய கல் அளவுக்கு இடைவெளி. மான் தாவிவிடும். குட்டைக்கால் முள்ளம்பன்றி எங்கே தாவ? போன மழையில் கூடையோடு உள்ளே விழுந்தாள்; உயிர் மட்டும்தான் கரையேறியது. அடுத்த மழை மலைப்பக்கம் இடிக்க ஆரம்பித்திருந்தது. இந்த நேரம் பார்த்துப் பொன்னுரங்கம் ஓய்வுபெற்றுவிட்டார். இனி எவர் கல் நாட்டுவார்?

அப்போது ஒரு காலை, கையில் போனோடு ஒரு மைனா வந்தது. பின்னால் வெள்ளைத் துண்டோடு பொன்னுரங்கம்.

"நகராட்சிக்காக வாய்மொழி வரலாறு பதிவு பண்றோம் அக்கா," என்றது மைனா. "தலைவரைப் பத்தி உங்க நினைவுல இருக்கறதைச் சொல்லணும். புது பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பேரை வைக்கணும்னா, அவர் வார்டு ஆள் ஒருத்தராவது பேசணுமாம்."

"ஏன், வேற ஆளே கிடைக்கலையா?"

"போனை நீட்டினதும் ஓடிடறாங்க அக்கா."

சடச்சி தொண்டையைச் செருமினாள். "முதல் தேர்தல்ல என் கூடையைக் கவுத்துப்போட்டு, அதும்மேல ஏறி நின்னு பேசினாரு. கூடை நசுங்கிப்போச்சு. அப்புறம் கட்சி மாறினாரு. அதுக்கு முந்தின வருசம் எவனைத் திருடன்னு திட்டினாரோ, அவனுக்கே மாலை போட்டாரு..."

"நிறுத்து, நிறுத்து!" உடும்பின் வால் தரையில் படீரென்று அடித்தது. மைனாவைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு, சடச்சியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "என்ன சடச்சி இது, வயசான காலத்துல மானத்தை வாங்கறே? உனக்கு என்ன வேணும், சொல்லு."

"பாலம்."

"அது மட்டும் வேண்டாம்மா. வேற ஏதாவது கேளு."

"சரி. கடைசியா ஒரு அடிக்கல்."

உடும்பின் முகம் மலர்ந்தது. இந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. "இவ்வளவுதானா? நாளைக்கே நட்டுடலாம். இந்த அகலத்துக்கு ஒரு கல்லு." கையை விரித்துக் காட்டினார்.

சடச்சி அந்த அகலத்தைப் பார்த்தாள். இடைவெளியில் பாதிகூட நிரம்பாது. முள் சிலிர்த்தது, அடக்கிக்கொண்டாள்.

"உங்க பேரு மட்டும்னா இது போதும் தலைவரே. பட்டமெல்லாம் எங்க எழுதறது?"

"எனக்கு ஏதும்மா பட்டம்?"

"வரலாறு பேசப்போறது நானு. பட்டத்துக்கா பஞ்சம்?"

மைனா திரும்பி வந்து போனை நீட்டியது. சடச்சி அதே கதையை முதலிலிருந்து சொன்னாள். ஏழை வியாபாரியின் கூடையைத் தேடி வந்து, அதையே மேடையாக்கிப் பேசிய பெருந்தன்மையைச் சொன்னாள். "கூடை கண்ட கோமான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் பொன்னுரங்கம். திட்டியவனையும் கட்டித் தழுவிய மனசைச் சொன்னாள். "அனைத்துக் கட்சி அண்ணல்!" ஒவ்வொரு பட்டத்துக்கும் அவர் கை இன்னும் கொஞ்சம் விரிந்தது. இன்னும் ஒரு சாண் வேண்டியிருந்தது. சடச்சி கண்ணை மூடிக்கொண்டு பெரிய பொய்யாகவே ஒன்றை எடுத்துவிட்டாள்.

"தலைவர் கட்டிக்குடுத்த பாலத்துலதான் இன்னிக்கு ஊரே நடக்குது."

"ஓடை வென்ற உத்தமர்!" என்று கத்தினார் உடும்பு. கை முழுசாக விரிந்தது.

கல் வந்தது. விழா நடந்தது. அன்றே அது ஓடைக்குள் போய், அளந்து வெட்டினமாதிரி பொருந்தியது. உத்தமரின் மேலேயும் அண்ணலின் மேலேயும் கால் வைத்து, கூடை நனையாமல் சந்தைக்குப் போனாள் சடச்சி. வாழ்க்கையில் முதல்முறையாக நாள் முழுக்க முள் படிந்தே இருந்தது.

மழை வந்தது. கோமான், அண்ணல், உத்தமர் எல்லோரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது.

சடச்சி சுற்றுவழியாக நகராட்சிக்கு ஓடினாள். அங்கே ஆந்தை அதிகாரி பகலில் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க ஓடைக்குப் பாலம் வேணும்."

"பாலமா? அதான் இருக்கேம்மா." ஆந்தை ஒரு பொத்தானை அமுக்கினார். சடச்சியின் குரலே கணீரென்று கேட்டது: தலைவர் கட்டிக்குடுத்த பாலத்துலதான் இன்னிக்கு ஊரே நடக்குது.

"நீயே சொல்லியிருக்கே. இருக்கிற பாலத்தை எப்படிம்மா கட்டறது? போ, போ."

சடச்சியின் முள் அத்தனையும் எழுந்து நின்றது. வரிசையில் நின்ற முயல்கள் கலைந்து ஓடின. அவள் குரல் மட்டும் சந்தைக் குரலாக இறங்கியது.

"பாலம் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க?"

"ஆமா."

"நகராட்சிப் பாலம்?"

"சந்தேகமென்ன?"

"அப்ப உங்க பாலத்தை வெள்ளம் தூக்கிட்டுப் போயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள ரிப்பேர் பண்ணுங்க. பொதுச்சொத்தைத் தொலைச்சவர்னு உங்களைப் பத்தியும் வாய்மொழி வரலாறு பேச எனக்குத் தெரியும்."

ஆந்தை பகலில் கண்ணைத் திறந்ததை அந்தக் காடு அன்றைக்குத்தான் பார்த்தது.

நீதி: செய்யாதவனிடம் செய் என்று கெஞ்சாதே, செய்துவிட்டான் என்று ஊரறியப் புகழ்ந்துவிட்டு, அது ரிப்பேர் என்று சண்டைக்குப் போ. நீர் கட்டிய பாலம் பிரமாதம், ஐயா. உடைந்து கிடக்கிறது. வந்து சரி பண்ணும்.