என் மனைவியின் ஈறும் என் நோட்டுப் புத்தகமும்

என் வாழ்க்கையில் நான் பிறருக்குச் செய்த தீங்குகளை எடுத்துப் பார்த்தால், முக்கால்வாசி அக்கறையினால் செய்தவை. கோபத்தில் செய்தவை கொஞ்சம்தான். அவற்றுக்கெல்லாம் மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. அக்கறையில் செய்தவற்றுக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்பதுகூட ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் தலையாயது, என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்தபோது ஒரு மாத காலம் அவளுக்கு நான் செய்த பணிவிடை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. எனக்கு இருபத்து நான்கு வயது. மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி உத்தியோகம். (கிராணி என்றால் குமாஸ்தாதான். ஆனால் 'கிராணி' என்று சொல்லிக்கொள்ளும்போது நெஞ்சு ஓர் அங்குலம் கூடுதலாக நிமிரும்.) காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியை வாடகைக்கு எடுத்துக் குடியிருந்தோம். மனைவி தனலெட்சுமிக்கு இருபது வயது. பிறந்த வீடு தெங்கேராவில், சைக்கிளில் போனால் கொஞ்ச நேரம். வாய்விட்டுச் சிரிக்கிறவள். அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் அவளைக் கட்டிக்கொண்டேன் என்பதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவளுக்கு ஐந்து மாதம் முடிந்தபோது இரண்டு வீட்டாரும் சந்தோஷப்பட்டார்கள். நான் மட்டும் பயந்தேன். காரணம் உண்டு. என் அம்மா என் தம்பியைப் பெற்ற மூன்றாம் நாள் ஜன்னி கண்டு இறந்துபோனார். தம்பியும் தங்கவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. அதனால் பிரசவம் என்ற சொல் மற்றவர்கள் காதில் விழுவதுபோல என் காதில் விழாது. தனம் படியிறங்கினால் பயம், குனிந்தால் பயம், தும்மினாலும் பயம்.

ஒருநாள் காலையில் கிணற்றடியில் அவள் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். துப்பிய நுரை ரோஜா நிறமாக இருந்தது. பிரஷ்ஷை வாங்கிப் பார்த்தேன். அதிலும் ரத்தம்.

"என்ன இது?"

"ஈறுதாங்க. ரெண்டு வாரமா இப்படித்தான் வருது. வலியெல்லாம் இல்ல."

"ரெண்டு வாரமா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க இப்படிப் பார்ப்பீங்கன்னுதான் சொல்லல."

நான் எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அலுவலகத்தில் இரண்டு கடிதங்களுக்கு ஒரே எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டேன். எங்கள் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். அவர் ஒன்பது பிள்ளைகளின் தகப்பனார். (ஒன்பதையும் பெற்றது அவருடைய மனைவி என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.) விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"புள்ளத்தாச்சி ஒடம்புலேருந்து ஒரு சொட்டு போனாலும் அது புள்ளையோட ரத்தம்பா. மொதல்ல அந்த பிரஷ்ஷ நிப்பாட்டு. தேய்க்கத் தேய்க்க வரத்தானே செய்யும்? போன ரத்தத்த ஊற வைக்கணும். பேரீச்சம்பழம் குடு. டின் பால் குடு. நல்லா கெட்டியா கலக்கிக் குடு."

அரசாங்க உத்தரவுக்குக் கூட நான் அவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்ததில்லை. சாயங்காலம் பாசாரில் இரண்டு கட்டிப் பேரீச்சம்பழமும் பாகுபோல இனிக்கும் டின் பால் நான்கும் வாங்கிக்கொண்டு போய் இறக்கினேன். தனத்தின் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றி, என் டிரங்குப் பெட்டிக்குள் எங்கள் கல்யாணப் பத்திரத்தின் பக்கத்தில் வைத்துப் பூட்டினேன்.

"பல்லு விளக்காம எப்படிங்க இருக்கிறது?" என்றாள் தனம்.

"வாய் கொப்புளிச்சாப் போதும். புள்ள முக்கியமா, பல்லு முக்கியமா?"

இப்படிக் கேட்டால் எந்தப் பெண் என்ன பதில் சொல்வாள்? அவள் வாய் கொப்புளிக்கப் போனாள்.

இத்தோடு நின்றிருந்தால் என் மானம் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் நான் கிராணி. எதையும் எழுதி வைத்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ரூல் தடியால் கோடு போட்டு, நாள், காலை ரத்தம், மாலை ரத்தம், கொடுத்த ஆகாரம், குறிப்பு என்று ஐந்து பத்திகள் பிரித்தேன். தினமும் இரண்டு வேளை அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து எழுதினேன். குறைந்தால் எனக்கு நிம்மதி கிடைக்கும் என்று நினைத்தேன். அது குறையவில்லை. ஆகவே பேரீச்சம்பழத்தைக் கூட்டினேன்.

மூன்றாவது வாரம் தனம் சிரிப்பதை நிறுத்தினாள். பேசும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். நாலைந்து நாள் கழித்து வாயைத் திறக்க மாட்டேன் என்றாள். கெஞ்சிக் கேட்டதும் திறந்தாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டுக்கும் நடுவே ஈற்றிலிருந்து சிவப்பாக ஒன்று முளைத்திருந்தது. கோவைப்பழ நிறம், பட்டாணி அளவு. விரல் பட்டதும் ரத்தம் கசிந்தது.

அவளுக்குத் தெரியாமல் கிணற்றடிக்குப் போய் நின்றேன். அம்மாவைப் பாயில் கிடத்தியிருந்தது ஞாபகம் வந்தது. இவளும் போய்விடுவாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுதிவிடலாம், இந்த வயதில் என்ன வெட்கம்.

உள்ளே வந்ததும் தனம் சொன்னது ஒன்றுதான்: "அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. ஞாயித்துக்கிழமை வளைகாப்பு. இதப் பார்த்தா அம்மா தாங்காது."

ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. வளைகாப்பில் ஊர்ப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து அவள் வாயில் சோறு ஊட்டுவார்கள். அதற்குள் அந்தக் கட்டி போயாக வேண்டும். கடைத்தெருவில் பல் கட்டும் சீனர் ஒருவர் இருந்தார்; கண்ணாடிப் பெட்டியில் பல் செட்டுகளை அடுக்கி வைத்திருப்பார். நான் தனியாகப் போய் விவரம் சொன்னேன். கட்டி சின்னதென்றால் நூல் கட்டி அறுத்துவிடலாம், கூட்டிக்கொண்டு வா என்றார். அது கர்ப்பிணியின் வாய் என்பதை நான் அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். (மறந்தேன் என்றுதான் இத்தனை காலமும் சொல்லிவருகிறேன். சொன்னால் மாட்டேன் என்பாரோ என்ற பயமும் இருந்தது.)

மறுநாள் அரைநாள் லீவு போட்டு, தனத்தைப் பேச்சா என்னும் மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு, நூலை எடுத்துக்கொண்டு திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளின் வயிற்றைப் பார்த்தார். நூலை மேசைமேல் வைத்தார்.

"தா போலே," என்றார். முடியாது என்று அர்த்தம். பிறகு என்னை வெளியே அழைத்துப்போய், ரத்தம் நிற்காமல் போனால் நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன் என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். தாய்மார் கிளினிக்குக்குப் போகச் சொல்லி, பேச்சாக்காரரிடம் வழியையும் அவரே சொன்னார். அந்த மனிதர் வயிற்றைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கிளினிக்கில் நீளமான பெஞ்சுகள். மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், நம் பெண்கள் என்று முப்பது பேருக்குக் குறையாது, எல்லோரும் வயிற்றோடு. ஆண் என்று நான் ஒருவன்தான். எங்கள் முறை வந்ததும் மிஸ்ஸி கூப்பிட்டார். (நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம்.) தமிழ்ப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் அவருடைய மேசை, நாலடி தள்ளி முதல் பெஞ்சு.

"என்னம்மா செய்யுது?"

தனம் முந்தானையை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அலுவலகத்தில் கோப்பு வைப்பதுபோல இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தேன்.

"எல்லாம் இதுல இருக்கு மிஸ்ஸி. ஒருநாள் விடாம எழுதியிருக்கேன்."

என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படிக்க ஆரம்பித்தார்.

"'முதல் நாள். காலை ரத்தம் மூன்று சொட்டு. பிரஷ் பறிமுதல். பேரீச்சம்பழம் ஆறு. டின் பால் இரண்டு கரண்டி.'"

பெஞ்சில் பேச்சு நின்றது.

"'எட்டாம் நாள். விளக்காமலே ரத்தம். பேரீச்சம்பழம் பன்னிரண்டு. டின் பால் நான்கு கரண்டி. பதினாறாம் நாள். ஈறு வீக்கம். வாயில் நாற்றம், லேசாக. பேரீச்சம்பழம் பதினெட்டு. குறிப்பு: கணவருக்குப் பசியில்லை.'"

முதலில் தமிழ்ப் பெண்கள் சிரித்தார்கள். என்னவென்று மற்றவர்கள் கேட்க, யாரோ மலாயில் சொன்னார். மலாய்க்காரப் பெண்கள் சிரித்தார்கள். அங்கிருந்து அது சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே அவமானத்தை மூன்று பாஷையில் தனித்தனியாக அனுபவித்தவன் மலாக்காவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மிஸ்ஸி சிரிக்கவில்லை. புத்தகத்தை என் பக்கம் திருப்பி விரலை வைத்தார்.

"இந்தக் கோட்டப் பாருங்க, இனிப்பு ஏறுது. இந்தக் கோட்டப் பாருங்க, ரத்தம் ஏறுது. பக்கத்துல பக்கத்துல நீங்கதான் எழுதியிருக்கீங்க. படிச்சே பார்க்கலையா தம்பி?"

குனிந்து அந்த இரண்டு பத்திகளையும் மேலிருந்து கீழே படித்தேன்.

"மாசமா இருக்கிறப்ப ஈறு சீக்கிரம் வீங்கும், தொட்டா ரத்தம் வரும். நெறைய பேருக்கு வர்றதுதான். ரத்தம் வருதேன்னு விளக்காம விட்டா, பல்லு இடுக்குல அழுக்கு சேர்ந்து கிருமி பெருகும், இன்னும் வீங்கும். முன்னவிட சுத்தமா விளக்கணும். நீங்க பிரஷ்ஷப் பூட்டி வச்சிட்டு, ஒட்டுற இனிப்பா ஊட்டி, கிருமிக்கு ஒரு மாசம் விருந்து வச்சிருக்கீங்க."

"அந்தக் கட்டி?" என்றேன். "இவ உயிருக்கு ஒண்ணும்..."

அப்போதுதான் மிஸ்ஸி என் முகத்தைப் பார்த்தார். குரலும் இறங்கியது. "ஒண்ணும் ஆகாது தம்பி. இது மாசமா இருக்கிறப்ப வர்ற கட்டி. பெரும்பாலும் புள்ள பொறந்த பிறகு தானா சுருங்கிரும். யாரையும் அறுக்க விட்டுறாதீங்க."

என் அம்மாவுக்காக நான் பட்ட பயத்தையெல்லாம் கொண்டுபோய் இவள் வாயில் கொட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

பல் டாக்டர் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தார். தனம் நிமிர்ந்து நடந்து போனாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், சுத்தம் செய்துகொண்டு இறங்கினாள். ஒரு முனகல்கூட இல்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குத் திரும்பியபோது மிஸ்ஸி விடவில்லை.

"நீங்களும் வாயத் தொறங்க. புள்ள பொறந்ததும் கொஞ்சுவீங்க, மென்னு ஊட்டுவீங்க, கரண்டிய நாக்குல வச்சுப் பார்த்துட்டுக் குடுப்பீங்க. பெரியவங்க வாயில இருக்கிறதுதான் புள்ள வாய்க்குப் போகும்."

திறந்தேன். ஒரு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் ஒளித்துவைத்திருந்த சொத்தைக் கடைவாய்ப் பல் அங்கே இருந்தது.

"இது அவசரம் இல்லைங்க மிஸ்ஸி," என்றேன்.

"வயித்துப் புள்ளக்காரி போய் உக்காந்துட்டு வந்துருச்சு. ஒங்களுக்கு என்ன?"

பெஞ்சு முழுக்க என்னைப் பார்த்தது. போனேன். ஊசியைப் பார்த்தது வரை நினைவிருக்கிறது. பிறகு கண் விழித்தபோது, என்னைக் கிளினிக்குக்கே தூக்கி வந்திருந்தார்கள்; கர்ப்பிணிகளைப் படுக்க வைத்துப் பார்க்கும் கட்டிலில் தலையணையோடு கிடந்தேன். நிறைமாத மலாய்க்கார அம்மாள் ஒருவர் என் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தனம் கட்டில் ஓரத்தில் நின்றாள். முந்தானை அது இருக்க வேண்டிய தோளில் இருந்தது. கட்டி தெரிய, ஈறு தெரிய, கண்ணில் நீர் வர அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அதைக் கேட்டபடியே எழுந்து போய் அந்தப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன்.

வளைகாப்புக்கு நான் போன கோலத்தை விவரிக்க வேண்டியதில்லை. வலது கன்னம் வடை அளவுக்கு வீங்கியிருந்தது. மாமியார் மகளை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார். "மாப்ளைக்கு என்னடி ஆச்சு?" என்று கேட்டார். தனம் ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள், நடித்தும் காட்டினாள். தன் கட்டியையும் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அம்மாவிடம் காட்டிவிட்டாள். வந்திருந்த பெண்கள் வளையலை அவளுக்குப் போட்டுவிட்டு, ஆறுதலை எனக்குச் சொன்னார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று மிஸ்ஸி வெளியே வந்து சொன்ன அந்தப் பிற்பகல், நான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நாள் முடிவதற்குள் கட்டியும் காணாமல் போனது.

அதன்பிறகு மூன்று பிள்ளைகள் பெற்றாள். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யாராவது கர்ப்பமாக வீட்டுக்கு வந்தால், தனம் காப்பி போடுவதற்கு முன்னால் வாயைத் திறக்கச் சொல்லி ஈற்றைப் பார்ப்பாள். பிறகு கூட வந்திருக்கும் கணவனைத் திறக்கச் சொல்வாள். அவன் தயங்குவான். உடனே என்னைக் கைகாட்டுவாள்.

"நாலு பெத்தவ நான். எனக்கு ஒரு பல்லு போகல. பக்கத்துல நின்னு பயந்தாரு பாரு, அவருக்குத்தான் போச்சு. காட்டுங்க."

நான் வாயைத் திறந்து காட்ட வேண்டும். போன மாதம் பேத்தியின் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். அந்தப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து, அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போய்விட்டான்.