காற்றுக்கு நாற்பது

காற்றின் விலை நாற்பது. இத்தனை ஆயிரம் ஆண்டுகளாக மனித குலம் ஓசியில் இழுத்து வீணடித்த சரக்குக்கு நியாய விலை நிர்ணயித்த பெருமை, அந்தத் தெருவின் உணவக முதலாளியையே சேரும்.

உணவகத்தின் ஏசி ஒருநாள் படுத்துவிட்டது. மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு முதலாளியும் படுத்துவிட்டார். எழுந்தபோது ஞானம் பிறந்திருந்தது. ஆறு மேசைகள் நடைபாதைக்கு இறங்கின. மேலே பலகை: ‘அல் ஃப்ரெஸ்கோ’. அதன் கீழே: ‘காற்றுக்குத் தலைக்கு நாற்பது ரூபாய் தனி’.

இடைஞ்சல் ஒன்றுதான். பத்தொன்பது வருடமாகக் குடை ரிப்பேர்காரர் கடை விரித்திருந்தது அதே இடத்தில். நடுப்பகலில் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறப்பார்.

“அண்ணே, எடத்தக் காலி பண்ணணும். இனிமே இங்க ஜனங்க வெளிய உக்காந்து சாப்பிடப் போறாங்க.”

“நானும் இத்தன வருஷமா அதத்தானே தம்பி பண்றேன்?”

“நீங்க பசிக்குச் சாப்பிடறீங்க. இது இத்தாலிய முறை. ‘குளுகுளு காத்துல’ன்னு அர்த்தம். மச்சான் நெட்ல பாத்துச் சொன்னான்.”

பக்கத்து மேசையில் இருந்த, இத்தாலியில் படித்துவந்த பாட்டு வாத்தியார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினார். “அங்க இந்த வார்த்தையச் சொன்னா, ஜெயில்ல இருக்கறதா நெனப்பாங்க சார். வெளிய சாப்பிடறதுக்கு வேற வார்த்த வெச்சிருக்காங்க.”

“அது அவங்க அறியாமை” என்றார் முதலாளி, பெருந்தன்மையோடு.

மேசைகளுக்கு நிழல் வேண்டுமே. பழைய சாமான் விலைக்கு வாங்கிய ஆறு பெரிய குடைகளும் கம்பி ஒடிந்து கிடந்தன.

“மொதல்ல இதச் சரி பண்ணிக் குடுங்கண்ணே. உங்க எடத்தப் பத்தி அப்புறம் நல்ல முடிவா எடுப்போம்.”

அந்த ‘நல்ல முடிவை’ நம்பி, வந்த வாடிக்கையாளர்களைக்கூட நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, குடைக்காரர் மூன்று நாள் கம்பி வளைத்தார். நான்காம் நாள் ஆறு குடைகளும் விரிந்தன. அவர் உட்கார்ந்த இடத்தில் ஆறாவது மேசை நின்றது.

“கூலி, தம்பி?”

முதலாளி ஒரு தாளை நீட்டினார். படித்துவிட்டுக் குடைக்காரர் நிமிர்ந்தார்.

“எனக்குமா காத்துக்குக் காசு?”

“எல்லாருக்கும் ஒரே ரேட்டுண்ணே. ஆள் பாத்து வாங்கினா அநியாயம் ஆயிடும்ல.”

நேர்மையான தாள் அது. குடை ஆறு, இருபது வீதம்: நூற்றிருபது. மதியச் சாப்பாட்டுக்குக் காற்று, மூன்று நாள், நாற்பது வீதம்: நூற்றிருபது. பாக்கி: இல்லை. பத்தொன்பது வருட இடத்தைப் பற்றி மட்டும் தாளில் ஒரு வரிகூட இல்லை; காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டதைக் கணக்கில் காட்டும் வழக்கம் முதலாளிக்குக் கிடையாது.