நாலாம் வகுப்பு மாப்பிள்ளை

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும். எனக்குத் திறந்துகொள்ளும். மூளை எழுந்து வெளியே போய்விட, வாய் மட்டும் தனியாகக் கடை நடத்தும். அது நடத்திய கடையில் ஒருமுறை என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. வீடு கிழக்குத் தாம்பரத்தில். மேடவாக்கம் தாண்டி ஒரு தனியார் பி.எட். கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. வருங்கால ஆசிரியர்களுக்குக் கல்வி உளவியல் சொல்லிக்கொடுப்பேன். ஜூலையில் சேர்த்துக்கொள்வார்கள், ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், மறுபடி ஜூலையில் அன்றுதான் பிறந்தவன்போல ஒரு நியமனக் கடிதம் தருவார்கள். மே மாதத்தில் எனக்குப் பசிக்காது என்பது நிர்வாகத்தின் நம்பிக்கை. என் அசல் சான்றிதழ்கள் ஆபீஸ் பீரோவில் இருந்தன. அவற்றுக்குத் துணையாக, என் கையெழுத்துடன், தேதி போடாத ராஜினாமாக் கடிதம் ஒன்று. (என்னிடம் படித்து அரசுப் பள்ளியில் சேர்ந்த பெண் ஒருத்தி, "ஏன் சார் இன்னும் பஸ்லயே வர்றீங்க?" என்று அக்கறையாகக் கேட்டாள், புது ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி.)

'கான்ட்ராக்ட்' என்ற ஒரு வார்த்தையைக் கேட்டு இரண்டு பெண் வீட்டார் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவதாகக் கோவிலம்பாக்கத்திலிருந்து வசந்தி என்ற பெண்ணின் ஜாதகம் வந்தபோது, அம்மா தரகரிடம், "பையன் காலேஜ்ல பர்மனென்ட்டு" என்று சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. அதற்குள் போட்டோவைப் பார்த்துவிட்டிருந்தேன். வசந்தி கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளர். அவளும் பர்மனென்ட் என்றார் தரகர். எனக்குக் கூச்சம் இரண்டு மடங்காகியது.

அந்த வாரம் பார்த்துக் கல்லூரிக்கு ஆய்வுக் கமிட்டி வருவதாகத் தகவல். உளவியலுக்கு முனைவர் பட்டம் பெற்றவர் ஒருவர் வேண்டும். இருந்த டாக்டர் குணசேகரன் சலித்துப்போய் ஆறு மாதத்துக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ்கர், நாளைக்கு ஒரு நாள் நீங்கதான் குணசேகரன். வயசு நாப்பத்தொண்ணு. எட்டு வருஷ சர்வீஸ். கல்யாணமாகி ரெண்டு பசங்க."

"மேடம், எனக்கு இருபத்தொன்பதுதான..."

"காதோரம் கொஞ்சம் பவுடர் போட்டுக்குங்க. ஜூலையில மறுபடி சேரணும் இல்ல?"

மறுநாள் காதோரம் நரைத்துப்போய் உளவியல் ஆய்வகத்தில் நின்றேன். (ஆய்வகம் என்றால் ஒரு மேசை, ஒரு ஸ்டாப் வாட்ச், பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் மூளை. அன்று அந்த அறையில் இருந்த ஒரே மூளை அதுதான்.) வாட்ச்மேன் ஏழுமலை ஓடி வந்தார்.

"சார், ஒர்த்தர் வந்துகினு கீறாரு. கையில ஃபைலு கீது. கேட்டாண்ட நின்னு கரண்டு மீட்டரையே பாத்துகினு இருந்தாரு."

மீட்டரைக்கூட விடாத கமிட்டியா என்று காதோரத்துப் பவுடரை இன்னொரு தடவை தடவிக்கொண்டேன். அறுபது வயது மதிக்கத்தக்கவர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். காதோரத்தைப் பார்த்தார்.

"உங்க பேரு?"

"டாக்டர் குணசேகரன் சார். எட்டு வருஷ சர்வீஸ் சார். பர்மனென்ட் சார்."

ஃபைலைத் திறந்து எதையோ பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"கல்யாணம்?"

"ஆச்சு சார். ரெண்டு பசங்க."

"ஓஹோ. மூத்தவன் பேரு?"

இதை மேடம் சொல்லித்தரவில்லை. உலகத்தில் எத்தனையோ பெயர்கள் இருக்க, என் வாய்க்குக் கிடைத்தது ஒன்றுதான்.

"பாஸ்கர் சார்."

"பாஸ்கரா? என்ன பண்றான்?"

"நாலாவது படிக்கிறான் சார்."

அவர் ஃபைலை மூடினார். கும்பிட்டார். டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். கமிட்டியைக் கவிழ்த்துவிட்ட பெருமையில் நான் நிற்க, ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"சார், அவரு கமிட்டி இல்ல போலகீது. கோவிலம்பாக்கத்துலேர்ந்து வர்றாராம். பாஸ்கர்னு லெக்சரர் இருக்காரான்னு கேட்டாரு. இன்னிக்கு பாஸ்கர்னு யாரும் இல்லன்னு மேடம்தான சொல்லச் சொன்னாங்க. அப்டியே சொன்னேன். செரி, ஒரு தபா பாத்துட்டுப் போறேன்னு உள்ள வந்தாரு."

அவர் வசந்தியின் அப்பா. ஃபைலில் இருந்தது என் போட்டோ. மாப்பிள்ளையைப் பற்றி நேரில் விசாரித்துப் போக வந்தவர். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, மீட்டர் இருக்கும் பக்கம் தலை தானாகத் திரும்பும்.

அதே நேரம் நிஜக் கமிட்டியின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. மேடம் பூங்கொத்தோடு நின்றார். நான் அவரைத் தாண்டி, காரைத் தாண்டி, வசந்தியின் அப்பா போன பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடினேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பயங்களில் எது பெரிதோ அது இழுத்த பக்கம் ஓடினேன், அவ்வளவுதான்.

"சார், நான்தான் பாஸ்கர்."

"இதுல எதுப்பா உன் நெஜப் பேரு?"

எல்லாவற்றையும் கொட்டினேன். ஜூலை, ஏப்ரல், பீரோ, தேதியில்லாத கடிதம், இரவல் பிள்ளைகள். "பர்மனென்ட்டும் இல்ல சார், கல்யாணமும் ஆகல சார்." வியர்வையில் கரைந்த பவுடர் கன்னத்தில் வழிந்தது. பஸ் வந்தது.

"மூஞ்சியத் தொடைச்சிக்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிப்போனார்.

இரண்டு நாள் கழித்து என் செல்போனில் ஒரு பெண் குரல்.

"நாலாவது படிக்கிற பாஸ்கர் இருக்கானா?"

வசந்தி.

"வாத்தியாருங்கள உருவாக்கறவனுக்கே வேல நிச்சயமில்லையாம்மான்னு அப்பா ரெண்டு நாளா கேட்டுட்டே இருக்காரு. உங்க காலேஜ் அப்படி இல்லையேம்மான்னு என்கிட்ட வேற கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் கான்ட்ராக்ட்தாங்க. மூணு வருஷமா வீட்ல சொல்லல. மே மாசம் பூரா காலைல டிபன் பாக்ஸோட கெளம்பி, லைப்ரரில உக்காந்துட்டு சாயங்காலம் வருவேன். நீங்க ரோட்ல நின்னு சொல்லிட்டீங்களேன்னு, இன்னிக்கு நானும் அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

என் வாய் கடை திறப்பதற்குள், நல்லவேளை, அவளே தொடர்ந்தாள்.

"எங்க காலேஜுக்குக் கமிட்டி வந்தா நான்தான் லைப்ரரியன். பேரு மேரி. எனக்கு மூணு பசங்க."

"எனக்கு ரெண்டு."

"அஞ்சு. சமாளிச்சிடலாம்."

தேதி போடாத கடிதத்துக்கு நான் ஓடிய அன்றே தேதி கிடைத்துவிட்டிருந்தது. சான்றிதழ்களை வாங்கப் போனபோது வசந்தியின் அப்பாவும், இப்போது எனக்கு மாமா, துணைக்கு வந்தார். ஃபைலோடு உட்கார்ந்து ஆபீஸை மேலும் கீழும் பார்த்தார். மேனேஜர் பத்தே நிமிடத்தில் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சார் எந்த டிபார்ட்மென்ட்?" என்று மெதுவாகக் கேட்டார். "மின்வாரியம்" என்று மாமா உண்மையைத்தான் சொன்னார். (ரிட்டையர்டு என்பதைச் சொல்லவில்லை.)

மே மாதத்தில் கல்யாணம். இருவருமே லீவு எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஜூலைதோறும் இருவரும் ஆளுக்கொரு கல்லூரி வாசலில் நின்ற வருடங்கள் நிறைய. எங்களுக்கு ஒரே மகள். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் சிரிக்காமல் பதில் சொல்வாள்:

"அஞ்சு பேரு ஆன்ட்டி. அப்பா பக்கம் ரெண்டு, அம்மா பக்கம் மூணு. எல்லாரும் கமிட்டி வந்தா மட்டும் வருவாங்க."