ஆறு என்று கேட்ட ஆள்காட்டி

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நான் சொல்லும் காட்டில் சிங்கமே கிடையாது. ஒரு தகவல் நிலையம் இருந்தது. சிங்கத்துக்குக் கொடுக்கிற மரியாதையை அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மலைக்குகையில் வயசான ஆமையார் ஒருவர் உட்கார்ந்து, காட்டுச் சேதி அத்தனையையும் பக்கம் பக்கமாக எழுதி, பக்கத்துக்கு ஒரு நம்பர் போட்டு வைத்திருந்தார். குகையிலிருந்து கம்பி கிளம்பி வளைக்கு வளை போகும். வளைக்குள் ஒரு பெட்டி. நம்பரை அழுத்தினால் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஊர்ந்து ஊர்ந்து வரும். அனுப்புவது ஆமை, வேறு எப்படி வரும்?

ஆள்காட்டிக் குருவி பூவாயிக்கு மட்டும் இந்தப் பாக்கியம் இல்லை. அவளுக்கு வளையும் கிடையாது, கூடும் கிடையாது. ஆற்று மணலில் லேசாகப் பள்ளம் பறித்து முட்டை இடுகிற குடும்பம். "நிரந்தர விலாசம் இல்லாதவங்களுக்குக் கம்பி இழுக்க மாட்டோம், போம்மா" என்று விரட்டிவிட்டார்கள்.

அந்தச் சமயம் பார்த்துக் காக்கைகள் செல்போன் கொண்டுவந்தன. உயரமான மரத்துக்கு மரம் ஒரு காக்கை. ஒன்று கத்தினதை அடுத்தது வாங்கிக் கத்தும். கம்பியே வேண்டாம். போன்தான் செங்கல் மாதிரி கனக்கும். பூவாயி ஒன்று வாங்கிவிட்டாள். அது வந்து இறங்கிய அட்டைப்பெட்டியைப் பார்த்து அவள் புருஷன் சடையன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏ புள்ள, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தாலும் இந்த எடை வராதே! இதை எப்படித் தூக்கிட்டுப் பறப்ப?"

"பேசத்தானே வாங்கினேன், பறக்கவா வாங்கினேன்? பெட்டியைத் தூரப் போட்டுடாதீங்க. உள்ள பஞ்சு நல்லா இருக்கு."

சரி, காக்கைக்குச் சொல்தான் தெரியும். ஆமையாருக்கு நம்பர்தான் தெரியும். இரண்டையும் யார் சேர்த்து வைப்பது? கடைசிக் காக்கை மரமும் முதல் கம்பியும் சந்திக்கிற வேலியில் 'இணைப்பு வாசல்' என்று பலகை மாட்டி, ஓணான் ஏகாம்பரத்தை உட்கார வைத்தார்கள். காக்கை சொல்லும் சொல்லுக்கு எந்தப் பக்கமோ அந்த நம்பரை அவர் அழுத்த வேண்டும். வருகிற பக்கத்தைப் போனின் பொட்டுத் திரைக்கு ஏற்ற மாதிரி நறுக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இடம் போதாது என்று தலைப்பை முதலில் வெட்டிவிடுவார். கேள்விக்கும் ஒரே ஒரு சொல்தான் அனுமதி. இந்த வேலைக்கு ஏகாம்பரத்தை ஏன் எடுத்தார்கள் என்றால், யார் எதைச் சொன்னாலும் அவர் தலையாட்டுவார். உத்தியோகத்துக்கு அதைவிட என்ன தகுதி வேண்டும்?

ஒருநாள் மத்தியானம் மேற்கு மலையில் கருகருவென்று மேகம் திரண்டது. மணலில் பூவாயியின் முட்டைகள். அவள் அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தினாள்.

கரையோர வளையில் பெட்டி வைத்திருந்த முயல் தணிகாசலம் வெளியே வந்து சிரித்தார். "எதுக்கும்மா பதறுற? இப்பத்தான் பெட்டியில பார்த்தேன். இருபத்தேழாம் பக்கம், ஆற்று நிலவரம். 'வறண்டு கிடக்கிறது, தைரியமாகக் கடந்து போகலாம்'னு பச்சையா எழுதியிருக்கு."

எழுதியிருந்தது வாஸ்தவம். ஆமையார் போன கோடையில் நேரிலேயே நடந்துபோய்ப் பார்த்து எழுதினது. அப்புறம் அவருக்கு முழங்கால் வலி.

"எதுக்கும் நானும் ஒரு வார்த்தை கேட்டுடறேன் அண்ணே" என்று பூவாயி போனில் ஒரே சொல்லைச் சொன்னாள்: "ஆறு."

காக்கைகள் கத்தின. ஆறு, ஆறு, ஆறு. வேலியில் ஏகாம்பரம் அதைக் கேட்டார். 'பரவாயில்லையே, சொல்லைச் சொல்லி நம்ம உயிரை எடுக்காம நேரா நம்பரையே சொல்லுது. விவரமான பொண்ணு' என்று மெச்சிக்கொண்டு ஆறாம் பக்கத்தை அழுத்தினார்.

ஆறாம் பக்கம் கல்யாணப் பக்கம். 'வரன் பலன்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஏகாம்பரம் வழக்கம்போலத் தலைப்பை வெட்டிவிட்டு மிச்சத்தை அனுப்பினார். பூவாயியின் போனில் எழுத்து ஓடியது:

மேற்கிலிருந்து வரும். இன்று மாலைக்குள் வரும். தடுத்தாலும் நிற்காது. வந்த கையோடு வீட்டோடு கூட்டிக்கொண்டு போகும்.

"ஐயையோ! ஏங்க, ஓடி வாங்க!" என்று பூவாயி போட்ட கூச்சலில் காக்கைகளே வாயை மூடின.

சடையன் படித்தான். முட்டையைக் காலில் தூக்க முடியாது, அலகில் கவ்வ முடியாது. அப்போதுதான் அந்த அட்டைப்பெட்டி பூவாயியின் கண்ணில் பட்டது. முட்டைகளை மெல்ல உருட்டிப் பஞ்சுக்குள் விட்டார்கள். பெட்டிக்குக் கொடியைக் கட்டி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க வாங்க மேட்டுக்கு இழுத்தார்கள். போனை அங்கேயே போட்டுவிட்டார்கள்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று தணிகாசலம் கத்தினார். "வேணும்னா இன்னொரு தடவை பார்க்கறேன் இருங்க." உள்ளே போய் இருபத்தேழை அழுத்தினார். பச்சை எழுத்து ஊர்ந்து வந்தது. 'வறண்டு கிட' என்பதுவரை வந்திருந்தபோது வெள்ளம் வளைக்குள் வந்துவிட்டது.

மேட்டிலிருந்து பார்த்த பூவாயிக்கு மணலும் தெரியவில்லை, போனும் தெரியவில்லை. தணிகாசலம் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மிதந்து போவது தெரிந்தது. அரை மைல் தள்ளி ஒரு புளியமரக் கிளையில் மாட்டி உயிர் தப்பினார். பூவாயி முட்டைகளின் மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழுது, உடனே சிரித்தாள்.

மறுவாரம் காடே திரண்டு ஏகாம்பரத்துக்கு மாலை போட்டது. அவருக்கோ அதற்குள் விஷயம் புரிந்துபோயிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"வெள்ளம் வரும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்று பூவாயி கண் கலங்கக் கேட்டாள்.

பழக்கதோஷம். தலை ஆடிவிட்டது.

அவர் அழுத்தினது ஆறாம் பக்கம் என்ற சேதியும் பரவிவிட்டது. அன்றிலிருந்து காட்டில் யாரும் இருபத்தேழாம் பக்கத்தை ஆற்றுக்காகப் பார்ப்பதில்லை. வெள்ளமா, வறட்சியா, எல்லாவற்றுக்கும் ஆறாம் பக்கம்தான். அப்படியானால் கல்யாணத்துக்கு எந்தப் பக்கம்? எது காலியாக இருக்கிறதோ அதுதானே! தணிகாசலத்தின் மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை முயல், குடும்பம் எப்படி என்று இருபத்தேழை அழுத்திப் பார்த்தான்.

'வறண்டு கிடக்கிறது, தைரியமாகக் கடந்து போகலாம்' என்று வந்தது.

ஓசைப்படாமல் கடந்து போய்விட்டான்.

நீதி: சரியான பக்கம் பார்த்தவர் மிதந்தார், தப்பான பக்கம் பார்த்தவள் பிழைத்தாள். ஆகவே வெள்ளம் வருமா என்று கல்யாணத் தரகரிடம் கேளுங்கள். வெள்ளம், கல்யாணம் இரண்டுமே சொல்லிவிட்டு வருவதில்லை, இரண்டிலுமே அட்டைப்பெட்டிதான் மிஞ்சும்.