கொடியில் தங்கிய வாத்துகள்

"இது யாரோடதும்மா?"

மைக்கென் அந்த ஜட்டியை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்திருந்தாள். சிவப்பு நிறம், அதில் வெள்ளை வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

குடியிருப்பின் அடித்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான சலவை அறை. தன் முறை முடிந்தால் கொடியில் ஒரு நூல்கூட மிச்சம் வைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை ஒருநாளும் மீறாத குன்வோர், இன்றைக்கு, ஞாயிறுதோறும் ரகசியமாகத் தன்னைப் பார்க்க வரும் எவெர்ட்டை நினைத்துக்கொண்டே துணி மடித்ததில் அவருடைய வாத்துகளை விட்டுவிட்டாள். அடுத்த முறை மைக்கெனுடையது. மைக்கெனுக்குத் தெரிந்தால் சாயங்காலக் காப்பிக்குள் எல்லா மாடிக்கும் தெரியும்.

"ஃபோல்கேயோடது."

"உன் புருஷன் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமாச்சு!"

"ஜன்னல் துடைக்க வச்சிருக்கேன்."

மைக்கென் இடுப்புப் பட்டியை இழுத்துப் பார்த்தாள். "ஃபோல்கே குச்சி மாதிரி இருப்பாரே. இதுக்குள்ள ரெண்டு ஃபோல்கே போகலாம்."

போன வாரம் எதிர்க் கட்டட விதவை ஒருத்தி ஓர் ஆணோடு கைகோத்து நடந்தபோது, "இந்த வயசுல என்ன கேடு?" என்றவள் இதே மைக்கென். குன்வோரும் தலையாட்டினாள். ஆட்டிய தலை இப்போது வலித்தது.

"இல்ல... எனக்கு முன்னாடி ஸ்தூரே முறை. அவரோடது மெஷின்ல தங்கியிருக்கும்."

மூன்றாம் மாடி ஸ்தூரேக்கு எழுபது வயது, தனி ஆள். அவர் முறை வரும்போதெல்லாம் கொடியில் கறுப்பு லேஸ் பிரா ஒன்று தொங்கும். யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. "மனுஷன் இன்னும் வாலிபம்" என்று கட்டடமே பெருமைப்பட்டுக்கொள்ளும்.

மறந்துபோன சோப்புத்தூளை எடுக்க அந்நேரம் பார்த்து ஸ்தூரேயே உள்ளே வந்தார்.

"ஏங்க, இது உங்களோடதா?" மைக்கென் ஜட்டியை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் வாத்துகளைப் பார்த்தார். குன்வோரின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா. என்னோடதுதான்."

குன்வோருக்கு மூச்சு வந்தது. மைக்கெனுக்கு யோசனை வந்தது.

"அப்ப இவர் ஜட்டிய நீ ஏன் உன் புருஷனோடதுன்னு சொன்ன?"

ஸ்தூரே சோப்புத்தூளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"அடப்பாவி மனுஷா! அந்த பிராவும் இவளோடதுதானா?" மைக்கென் ஸ்தூரேயின் முதுகில் ஓங்கித் தட்டினாள். "பலே ஆளுய்யா நீங்க!" பிறகு குன்வோர் பக்கம் திரும்பினாள், குரல் இறங்கியது. "ஃபோல்கே உன்னை எப்படி வச்சிருந்தார்! உனக்கு ஏம்மா இப்படிப் புத்தி போச்சு?"

வீட்டுக்கு வந்து குன்வோர் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். எவெர்ட்டால் அவளுக்கு வெட்கமில்லை. அவரை இவ்வளவு சுலபமாக இரண்டு ஆண்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிட்டதுதான் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை பூவோடு வருவார். இனி எந்த முகத்தோடு கதவைத் திறப்பது?

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஸ்தூரே, கையில் இஸ்திரி போட்டு மடித்த வாத்துகள்.

"உங்களுக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கேன்," என்றாள்.

"கடனை இப்பவே தீர்த்துடுங்க." அவர் மாடிப்படியை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "அந்த பிரா நானே கடையில வாங்கினது, வாலிபம்னு பேர் வாங்கத் தொங்கவிடறதுக்காக. உங்களுக்கு அது பத்தாதுங்க. மைக்கென் இழுத்து அளந்து பாக்கறதுக்குள்ள உங்களோடது ஒண்ணு தர்றீங்களா?"