அலுமாரிக்குள் ஒலிவாங்கி

இந்த முறையும் பதிவில் ரயில்தான் முதலில் பேசியது. அதற்குப் பின்னால், எங்கோ தூரத்தில், வினோதன்.

வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையோரத்து ஃபிளட் வீடு. பொரளையில் ஒலிப்புத்தகம் செய்யும் கம்பனி ஒன்று, ஒரு பக்கம் வாசித்து ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தது. வேலை போன பிறகு அவனைக் கூப்பிட்ட முதல் இடம். அதற்கென்றே புது மைக் வாங்கி, மனைவி சுபோதினியின் லெப்டொப்பில் செருகியிருந்தான்.

"இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லட்டே..."

"பிறகு சொல்லும் சுபோ. ரெக்கோர்டிங் போகுது."

யன்னலைச் சாத்தினான். ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டது. ஃபேனை நிறுத்தினான். ஃப்ரிட்ஜ் உறுமியது. மைக்கை வாயருகே பிடித்தால் மற்றச் சத்தங்கள் அடங்கிவிடும் என்று யூடியூப்பில் சொன்னார்கள். நீள வயரோடு மைக்கைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், உதட்டில் ஒட்டிக்கொண்டு வாசித்தான். போட்டுக் கேட்டால், குரல் இன்னும் தூரம் போயிருந்தது.

"சுவரில பட்டுத் தெறிக்குது," என்றான். "துணியெண்டா எதிரொலியைக் குடிச்சிடும். அலுமாரியைத் திறவும்."

"என்ர சீலையளுக்குள்ள இருந்து வேர்க்கப் போறியளோ? நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோவன். அந்த லெப்டொப்..."

"உம்மட ஒஃபிஸ் மீட்டிங் இல்லை இது. ஒலி விஞ்ஞானம்."

லெப்டொப்பின் பட்டரி நிற்காது. அது சாப்பாட்டு மேசையிலேயே, பிளக்கோடு கிடந்தது. பட்டனை அழுத்திவிட்டு ஓடிப்போய், மைக்கோடு அலுமாரிக்குள் நுழைந்து, கூறைச் சீலைக்குக் கீழே குந்தி, கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தான். வெளியே சுபோதினி தமக்கையோடு போனில் கதைப்பது மெல்லக் கேட்டது. கதைக்கட்டும், மைக் என் கையில்தானே என்று அவன் வாசிப்பை நிறுத்தவில்லை.

வேர்வையில் குளித்து வெளியே வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. திரையில் ஒலி அலை முதன்முறையாக மலை மலையாக எழும்பி நின்றது.

"பாரும், குரலெண்டா இது." கேட்டுப் பார்க்க நேரமில்லை. அனுப்பிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் கம்பனியிலிருந்து பஹ்மிதா என்ற அதிகாரி போன் எடுத்தார். வினோதன் ஸ்பீக்கரைப் போட்டு, சுபோதினியையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"குரல் நல்ல தெளிவு, வினோதன். எங்க எல்லாருக்கும் புடிச்சிரிச்சி."

அவன் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். 'மனுசன் புது மைக்கோட அலுமாரிக்குள்ள பூந்திட்டுது, ரெக்கோர்ட் பண்ணுறது மேசையில கிடக்கிற லெப்டொப்பின்ர மைக், சொன்னாக் கேக்குதே' என்டு பேசுறாங்களே, அவங்களுக்கு திங்கக்கிழமை வேலைக்கு வர ஏலுமா?"